கிளிக்கூண்டுத் துணி

உறுவையாறு
ஸ்ரீமுக வருஷம், ஆடி 28

என் கூடப்பிறந்த தம்பி சிங்காரவேலுவுக்கு, அக்கா தையலம்மாள் மனம் நிறைந்த ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

இங்கே உன் மாமாவும் நானும் கஸ்தூரியும் உன் கிளியும் சௌக்கியம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், அதற்கு மட்டும் எழுதவில்லை. சமையல் நன்றாக இல்லை என்று சொன்னால் அக்கா அழுவாள் என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது.

உன்னோடு சுங்கத்தில் வேலை பார்க்கிற மரியதாஸ், லீவில் வில்லியனூர் வந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனுஷர். நீ அனுப்பின தேயிலை டப்பா, கஸ்தூரிக்கு வளையல், மாமாவுக்குக் குடை எல்லாம் சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. மாமா மழை இல்லாத நாளிலும் அந்தக் குடையை எடுத்துக்கொண்டுதான் வயலுக்குப் போகிறார். கேட்டால் வெயில் என்கிறார். பொழுது சாய்ந்த பிறகும் விரித்துக்கொண்டு வருகிறார், அதற்கு இன்னும் பதில் யோசிக்கவில்லை.

"அக்காவுக்கு, கஸ்தூரி நிச்சயத்தன்று உடுத்த" என்று சீட்டு வைத்து நீ அனுப்பின பட்டும் வந்தது. எடுத்தபோது கை வழுக்கியது. இவ்வளவு கனமான பட்டை நான் தொட்டதே இல்லை. அதைப் பெட்டிக்குள் போட்டுப் பாச்சைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கண்ணில் படுகிற இடத்தில்தான் வைத்திருக்கிறேன். பொழுது சாய்ந்தால் என் கை அதைத் தொடாத நாளில்லை.

உன் கிளி இப்போது நல்ல பிள்ளையாகிவிட்டது. நீ கப்பல் ஏறின நாளிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வந்தால் கத்திக் கூப்பாடு போடும். கூண்டின் மேல் மாமாவின் பழைய வேட்டியைப் போட்டால் அதன் வழியாக விளக்கு வெளிச்சம் உள்ளே போகும், கம்பி நிழல் ஆடும், அதைப் பார்த்து இன்னும் கத்தும். இப்போது கொஞ்ச நாளாக அந்தத் தொல்லை இல்லை. மூடினதும் சத்தம் அடங்கிவிடுகிறது. மூடுவதற்கு முன்னால் மட்டும் "அக்கா, அக்கா" என்று உன் குரலிலேயே ஒரு தரம் கூப்பிடும். அடுப்படியில் இருந்தால் இன்றைக்கும் "தோ வந்துட்டேன்பா" என்று சொல்லிவிடுகிறேன்.

நம் பெண்ணுக்கு இடம் தேடுகிறோம் என்று எழுதியிருந்தேனே, கஸ்தூரிக்குக் கரையாம்புத்தூரில் கூடிவந்திருக்கிறது. நெல்லும் கரும்புமாக நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா கனகாம்பாள், கண் ரொம்பக் கூர்மை. வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தாய்மாமன் சைகோன்ல இருக்காராமே, கல்யாணத்துக்கு வருவாரில்ல?" என்பதுதான். வருவான் என்று சொல்லிவிட்டேன். கஸ்தூரியைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டியவன் நீ. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மாசியில் முகூர்த்தம் பார்க்கிறார்கள். துரையிடம் இப்போதே லீவு கேட்டு வை.

உன் அக்கா
தையலம்மாள்


சைகோன்
1933 செப்டம்பர் 14

எனக்குத் தாயாக இருந்த அக்காவுக்கு, தம்பி சிங்காரவேலு வணங்கி எழுதுவது.

கடிதம் கிடைத்து இரண்டு தரம் படித்தேன். கஸ்தூரிக்கு இடம் அமைந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கப்பல் ஏறும்போது என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுத குழந்தை. அதற்கா கல்யாணம்? லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கிடைக்கும். நான் வராமல் அவளை வேறு எவனும் கைபிடித்து அழைத்துப் போக விடமாட்டேன் என்று உன் சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிடு.

மாமாவின் குடைக் கதையைப் படித்துச் சிரித்தேன்.

கிளி கத்தாமல் தூங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். சங்கராபரணி ஆற்றோரத்துப் பனைப்பொந்திலிருந்து அதை எடுத்து வந்தபோது இறக்கைகூட முளைக்கவில்லை. அப்போதே இருட்டாக மூடினால்தான் தூங்கும். விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் மூடிவிட வேண்டும், ஏற்றின பிறகு மூடினால் அதற்குக் கோபம். இந்த ஊரில் பாட்டுக் குருவி வளர்க்காத வீடு குறைவு. பொழுது போனால் எல்லாக் கூண்டையும் மூடிவிடுவார்கள். கந்தல் துணியைப் போடமாட்டார்கள், கூண்டுக்கென்று அளவெடுத்துச் சட்டை தைப்பார்கள். பக்கத்து வீட்டம்மாள் ஒருத்தி வருஷப் பிறப்புக்குத் தன் குருவிக்கூண்டுக்கும் புதுச் சட்டை தைத்துப் போடுகிறாள். அக்கா பார்த்தால் வாயைப் பிளந்துவிடுவாய்.

பட்டைப் பற்றி நீ ரொம்பக் கொஞ்சமாக எழுதிவிட்டாய். உனக்குப் பிடித்ததா? என்னவாகத் தைத்தாய்? நிச்சயத்தன்று உடுத்தினாயா? பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? விவரமாக எழுது. கடையில் ஆயிரம் துணி பார்த்து அதைத்தான் எடுத்தேன். ஒரு வரியாவது அதைப் பற்றி எழுது அக்கா, மறக்காதே.

சமையலுக்கு இங்கே குறைவில்லை. கவலைப்படாதே.

உன் தம்பி
சிங்காரவேலு


உறுவையாறு
ஸ்ரீமுக வருஷம், ஐப்பசி 5

தம்பி சிங்காரவேலுவுக்கு, அக்கா எழுதுவது. நீ வருகிறாய் என்று படித்ததும் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. கரையாம்புத்தூரிலிருந்து இரண்டு வண்டியில் வந்தார்கள். கனகாம்பாள் பலகாரத்தை ருசி பார்த்து "எண்ணெ கொஞ்சம் கூட" என்றாள், பிறகு அதையே நான்கு தரம் வாங்கித் தின்றாள். மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. கஸ்தூரி மட்டும் ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்துக்கொண்டாள்.

நான் என்ன உடுத்தினேன் என்று கேட்கிறாய். பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் என்னையா பார்க்கப் போகிறார்கள்? வேலைக்கு நடுவில் எது கையில் அகப்பட்டதோ அதை உடுத்திக்கொண்டேன். உன் பட்டை அன்றைக்கு வெளியே எடுக்கவில்லை. கூட்டத்தில் யாராவது எண்ணெய்க் கையோடு தொட்டுவிடுவார்கள் என்று பயம். அது பத்திரமாக, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் "இது எந்த ஊர்ப் பட்டு, இப்படிப் பளபளக்குது!" என்றுதான் கேட்கிறார்கள். பொய் சொல்லவில்லை, எதிர்வீட்டு வள்ளியம்மாளே கேட்டாள்.

கூண்டுக்குச் சட்டை என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். உன் மாமாவுக்கு ஒரே சிரிப்பு. "இங்க மனுஷனுக்கே சட்டை இல்ல, இன்னா ஊருடா அது" என்றார்.

மரியதாஸ் சைகோனுக்குத் திரும்புகிறாராம். நாளை மறுநாள் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன். எலுமிச்சை ஊறுகாயும் முறுக்கும் கட்டி வைத்திருக்கிறேன். ஊறுகாயை நீயே வைத்துக்கொள், பக்கத்து வீட்டம்மாளுக்கு வேண்டுமானால் முறுக்கு கொடு.

உன் அக்கா
தையலம்மாள்


சைகோன்
1933 டிசம்பர் 2

அக்காவுக்கு,

மரியதாஸ் நேற்று வந்தார். ஊறுகாயும் முறுக்கும் வந்து சேர்ந்தன.

அவர் சாப்பிட்டுக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் சொன்னார். உன் வீட்டுக்கு விடைபெறப் போயிருந்தபோது பொழுது சாய்ந்துவிட்டதாம். நீ அவசரமாக எழுந்து போய்த் தாழ்வாரத்தில் தொங்கின கூண்டை மூடினாயாம். "சிங்காரவேலு, உன் கிளி ராஜாவூட்டுக் கிளிபா! நீ குடுத்தனுப்புன பட்டைப் போத்திக்கிட்டுத் தூங்குது" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு அது வேடிக்கை.

நான் சிரிக்கவில்லை. பட்டு பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கலாம். பத்திரமாக இருக்கிறது, பார்த்தவர்கள் கேட்கிறார்கள் என்று எழுதினாயே, உன் கை எப்படி எழுதிற்று? நீ எனக்குப் பொய் சொன்னதாக இதுவரை எனக்கு நினைவில்லை.

ஆனால் உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் பொய்தான் எழுதினேன். அந்தப் பட்டு கடையில் வாங்கினதில்லை. பக்கத்து வீட்டம்மாள் என்று எழுதினேனே, அவள் பக்கத்து வீட்டில் இல்லை, என் வீட்டில்தான் இருக்கிறாள். பெயர் லான். இந்த நாட்டுப் பெண். மேரி ஆபீசில், பிரெஞ்சுச் சர்க்கார் பதிவேட்டில் பதிந்து செய்துகொண்ட கல்யாணம். நான்கு வருஷம் ஆகப் போகிறது. சமைத்துப் போடுவது யார் என்று நீ கேட்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். உனக்குப் பயந்தேனா, ஊருக்குப் பயந்தேனா என்று எனக்கே தெரியாது. அவளைச் சொல்ல வெட்கப்பட்டேன் என்பது மட்டும் தெரியும். மரியதாஸிடமும் ஊரில் வாய் திறக்காதே என்று கேட்டுக்கொண்டுதான் அனுப்பினேன்.

அவளுடைய ஊர் பெரிய ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே ஏதோ ஒரு காயின் சாற்றில் பட்டைத் திரும்பத் திரும்பத் தோய்த்துக் காயவைத்துத்தான் அந்தக் கறுப்பைக் கொண்டுவருவார்கள். மாதக்கணக்கில் வேலை. அவளுடைய அம்மா அவளுக்கென்று தோய்த்து வைத்திருந்த துணி அது. புருஷனுடைய அக்கா என்றால் அவர்கள் வழக்கத்தில் மாமியாருக்குச் சமம். வீட்டில் இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, தான் ஒரு நாளும் உடுத்தாத அதை எடுத்து மடித்துக் கொடுத்தாள். நான் வாங்கிப் பெட்டியில் வைத்து, கடையில் எடுத்ததாக உனக்கு எழுதினேன்.

மரியதாஸ் லீவில் போனதிலிருந்து அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அக்கா என்னவாகத் தைத்தார்கள், உடுத்தினால் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டுமென்று. மரியதாஸ் அவளுடைய பாஷையிலேயே எல்லாம் சொல்லிவிட்டார். அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். பிறகு, "பறவை நன்றாகத் தூங்குகிறதா?" என்று கேட்டாள். தூங்குகிறது என்றார் அவர். எழுந்து போய் எங்கள் குருவிக்கூண்டை மூடினாள். அப்போது இன்னும் வெளிச்சம் இருந்தது.

சிங்காரவேலு


உறுவையாறு
ஸ்ரீமுக வருஷம், மார்கழி 12

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா கேட்டதற்குத் தலைவலி என்றேன். அதுவும் ஒரு பொய்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்து பட்டைப் பிரித்தபோது எல்லாரும் கூடி நின்றோம். அது கறுப்பு. கரை இல்லை, சரிகை இல்லை, முழுக்கக் கறுப்பு. நிச்சயத்தன்று உடுத்த என்று சீட்டு வேறு. மாமா பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துக்கு எவனாவது கறுப்பு அனுப்புவானா? உன் தம்பிக்கு ஊரு மறந்துபோச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீ ஊரை மறந்துவிட்டாய் என்று உனக்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் நீ வெட்கப்படுவாய் என்று மறைத்தேன். உடுத்த முடியாது. பெட்டிக்குள் போட்டால் மறந்துவிடுவேன். இந்த வீட்டில் நீ விட்டுப்போன பொருள் அந்தக் கிளி ஒன்றுதான். நீ அனுப்பினது அதன் மேல் இருக்கட்டும் என்று தோன்றியது. போட்ட அன்றே அது கத்தாமல் தூங்கிற்று. அப்போது எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

இப்போது தெரிகிறது. ஒரு பெண் தான் உடுத்தாமல் வைத்திருந்ததை எடுத்துக் கொடுக்கிறாள், நான் அதில் கிளி எச்சம் துடைக்கிறேன். என்னை என்னவென்று சொல்வது? கடிதம் வந்த சாயங்காலமே அதை எடுத்துவிட்டேன். துவைத்து நிழலில் உலர்த்தினேன். ஓரத்தில் கிளி இரண்டு இடத்தில் கொத்தி இழுத்து வைத்திருக்கிறது. கறுப்பு நூல் வாங்கி இழை ஓட்டினேன், உற்றுப் பார்த்தால் தெரியும்.

லானிடம் சொல், உன் நாத்தனார் மன்னிப்புக் கேட்கிறாள் என்று. கிளி நன்றாகத் தூங்கினது என்றும் சொல்.

நான்கு வருஷமாக எனக்கு மறைத்தாயே என்று உன்மேல் கோபப்பட வேண்டியவள் நான். கோபமே வரவில்லை. ஆனால் இன்னொன்று எழுத வேண்டியிருக்கிறது. எழுதக் கை கூசுகிறது, எழுதாமலும் இருக்க முடியவில்லை. மாசி 20 முகூர்த்தம். நீ மட்டும் வா, தம்பி. அவளை இந்தத் தடவை அழைத்து வராதே. கனகாம்பாளை உனக்குத் தெரியாது. நம் ஊர்ப் பெண்ணாகப் பார்க்காமல் சைகோனிலேயே கட்டிக்கொண்டான் என்று தெரிந்தால் பந்தலிலேயே பேச்சு எழும். கஸ்தூரி அந்த வீட்டில் வாழ வேண்டியவள். கல்யாணம் முடியட்டும், ஒரு குழந்தை பிறக்கட்டும், மெல்லச் சொல்லிக்கொள்ளலாம். இதை அவளுக்குப் படித்துக் காட்டாதே.

நீ வந்து கஸ்தூரியைக் கைபிடித்து அழைத்துவரும்வரை எனக்கு உயிர் உயிராக இருக்காது.

அக்கா
தையலம்மாள்


சைகோன்
1934 ஜனவரி 28

அக்காவுக்கு,

கஸ்தூரி கல்யாணத்துக்கு நான் வரவில்லை. பாகூர்ப் பெரியப்பா மகன் செல்லப்பன் அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன். அவர் வந்து தாய்மாமன் முறை செய்வார். சீருக்கு வேண்டியதெல்லாம் கப்பலில் அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை நிறமெல்லாம் சரியாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

உன்மேல் கோபித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் கப்பலுக்கு ஒரே ஒரு சீட்டு எடுத்து வைத்திருந்தேன். நீ எழுதினதை நான் முன்னாலேயே நினைத்துவிட்டேன். அவளிடம், கடல் ஒத்துக்கொள்ளாது, இன்னொரு தரம் போகலாம் என்று சொன்னேன். அவள் சரி என்று என் சட்டைகளை இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கினாள். உன் எழுத்தில் அதைப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு கேவலம் என்று உறைத்தது. மறுநாள் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துச் சொன்னேன். நீ மன்னிப்புக் கேட்டதையும் இழை ஓட்டினதையும் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது. கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். தமிழ் தெரியாவிட்டாலும் கண் தெரியுமே. கடிதத்தைக் கையில் வாங்கி, நான் நிறுத்தின இடத்துக்குக் கீழே விரலை வைத்து, "இங்கே நிறைய எழுதியிருக்கிறதே, அக்கா என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டாள். ஊர் விசேஷம் என்றேன். அவள் நம்பவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

கறுப்பு என்பது எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. மாமா சொன்னது சரிதான். ஊரில் எதை மறக்க வேண்டுமோ அதை மறக்கவில்லை, மறக்கக் கூடாததை மறந்துவிட்டேன்.

கஸ்தூரியிடம் மாமன் ஆசீர்வாதத்தைச் சொல். இனிக் கொஞ்ச காலம் எனக்கு எழுத வராது. எழுதவில்லையே என்று தவிக்காதே.

சிங்காரவேலு


உறுவையாறு
பவ வருஷம், வைகாசி 28

என் தம்பி மனைவி லானுக்கு, உன் நாத்தனார் தையலம்மாள் எழுதுவது.

இந்தக் கடிதத்தை மரியதாஸ் பெயருக்கு அனுப்புகிறேன். அவர்தான் உனக்குப் படித்துச் சொல்ல வேண்டும். உன் வீட்டுக்காரன் நல்லவன்தான், ஆனால் வரி விட்டுப் படிக்கிறவன். மரியதாஸ் அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நீங்கள் ஒரு எழுத்தும் விடாமல் படியுங்கள்.

முதலில், அவன் உனக்குப் படிக்காமல் விட்ட வரி. கல்யாணத்துக்கு உன்னை அழைத்து வர வேண்டாம் என்று நான்தான் எழுதினேன். சம்பந்தி வீட்டார் பேசுவார்கள் என்று பயந்து எழுதினேன். அது தெரிந்துதான் அவன் வராமல் இருந்துவிட்டான். கஸ்தூரியை என் பெரியப்பா மகன் அழைத்து வந்தான். மணவறையில் உட்காருகிறவரைக்கும் அவள் வாசல் பக்கம் பார்த்தபடியே இருந்தாள். மாமன் வந்து நிற்பான் என்று கடைசிவரை நம்பியிருக்கிறாள்.

இதற்கு மேல் இன்னொன்று செய்தேன். அதை அவனுக்கும் எழுதவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நீ வராவிட்டாலும் நீ கொடுத்தது பந்தலில் இருக்கட்டும் என்று, உன் பட்டை மடித்துச் சீர்த்தட்டில் தாய்மாமன் புடவைக்கு அடியில் வைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்று மனதைக் கெட்டியாக்கிக்கொண்டுதான் வைத்தேன். தட்டு கைமாறும்போது சம்பந்தியம்மாள் கனகாம்பாள் கண்ணில் பட்டுவிட்டது. நுனியைப் பிடித்து இழுத்து, "இன்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா தட்டுல கறுப்பு?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "ஐயோ, அது கிளிக்கூண்டு மூடற துணி. அவசரத்துல யாரோ தெரியாம வெச்சிட்டாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். யாரோ அதை எடுத்துத் தாழ்வாரத்துப் பக்கம் எறிந்தார்கள்.

முதல் தடவை தெரியாமல் செய்தேன். இரண்டாம் தடவை எல்லாம் தெரிந்து, உன் பெயர் தெரிந்து, நீ கேட்ட கேள்வி தெரிந்து, அத்தனை பேர் முன்னால் சொன்னேன். பிறகு போய் அதைத் தேடி எடுத்தபோது ஈரத் தரையில் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பி வர எனக்கு முகம் இல்லை. கல்யாண வீட்டில் அம்மாக்காரி எங்கே எங்கே என்று தேடினார்களாம்.

விருந்தெல்லாம் முடிந்து கஸ்தூரி புருஷன் வீடு போன பிறகு, வில்லியனூர்த் தையற்காரரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து ரவிக்கை தைத்துக்கொண்டேன். ரவிக்கை போடுகிற பழக்கமே எனக்கு இப்போதுதான். கிளி கொத்தின இடம் முதுகுப் பக்கம் மறைவாக வரும்படி வெட்டுகிறேன் என்றார். வேண்டாம், முன்கையிலேயே வரட்டும் என்றேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

வில்லியனூர்த் தேரன்று அதைப் போட்டுக்கொண்டு போனேன். கரையாம்புத்தூரார் எல்லாரும் வருவார்கள் என்று தெரியும். அதற்காகத்தான் போட்டேன், ஆனால் அவர்களைத் தூரத்தில் கண்டதும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். கனகாம்பாள் கண்ணுக்குத் தலைப்பெல்லாம் ஒரு மறைப்பா? கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அந்தக் கிளிக்கூண்டுத் துணி இல்ல?" என்றாள். கூட நான்கைந்து பெண்கள். கஸ்தூரியும் மாமியாருக்குப் பின்னால் நின்றாள்.

நான் சொன்ன சொல்லையே என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"கிளிக்கூண்டுத் துணி இல்லம்மா. என் தம்பி பொண்டாட்டி எனக்குன்னு குடுத்த பட்டு. அன்னிக்கு நான் சொன்னது பொய்" என்றேன்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? எங்களுக்குச் சொல்லவே இல்லியே. எந்த ஊர்ப் பொண்ணு?"

"சைகோன் பொண்ணு. மேரியில பதிஞ்ச கல்யாணம். பேரு லான். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம இருந்தோம்."

கனகாம்பாள் என் கையை விட்டாள். "வாங்கடி, தேர் திரும்பப் போவுது" என்று சொல்லிக்கொண்டு நடந்துவிட்டாள். கஸ்தூரி மட்டும் போகிற போக்கில் என் ரவிக்கைக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். தலை ஆடிக்கு அவளை வீட்டுக்கு அனுப்புவார்களோ மாட்டார்களோ தெரியவில்லை. உன் வீட்டுக்காரனுடைய மாமா, "நல்லா இருந்த உறவைக் கெடுத்துட்டியே" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் பொண்ணு பேரு இன்னா சொன்ன?" என்று கேட்டார்.

இதைச் சொன்னதால் என் வெட்கம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். தீரவில்லை. நீ மன்னித்தாலும் அது எனக்குத் தீராது. பந்தலில் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பறவை நன்றாகத் தூங்குகிறதா என்று கேட்டாயாம். உன் பட்டு இருந்தவரைக்கும் தூங்கிற்று. இப்போது மாமாவின் பழைய வேட்டியைத்தான் போடுகிறேன். வெளிச்சம் உள்ளே போகிறது, கிளி கத்துகிறது. "அக்கா, அக்கா" என்று உன் வீட்டுக்காரன் குரலில்தான் கத்துகிறது. அவன் எனக்கு எழுதி ஐந்து மாதம் ஆகப் போகிறது.

உங்கள் ஊரில் கூண்டுக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பீர்கள் என்று அவன் எழுதியிருந்தான். கூண்டை நூலால் அளந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீளமான நூல் கூண்டின் சுற்று, முடிச்சுப் போட்டது உயரம். என்ன நிறம் வேண்டுமானாலும் தை, கறுப்பானாலும் சரி. ஆனால் யார் கையிலும் கொடுத்தனுப்பாதே. அவனை அழைத்துக்கொண்டு நீயே வந்து, உன் கையாலேயே போடு. பட்டப்பகலில் ஊர் நடுவில் வண்டி இறங்கி வா. வண்டியடியில் நான் நிற்பேன்.

அதுவரைக்கும் கிளி கத்தட்டும்.

உன் நாத்தனார்
தையலம்மாள்